கடை கடையாகப் போய்க் கணக்கு எழுதுபவளுக்கு மடிக்கணினி சரிப்படுமா?

பட்டர்வொர்த் கணக்கக்கா:

வணக்கம். பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஐந்து சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். வீடு கடலுக்கு இக்கரையில், பட்டர்வொர்த்தில். கடைக்காரர்கள் தரும் ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, ஃபெர்ரியில் கொண்டுவந்து, வீட்டு மேசைக்கணினியில் பதிகிறேன். சந்தேகம் வந்தால் மறுபடியும் கடலைக் கடக்க வேண்டும். "அந்த நானூற்றுச் சொச்சம் யாருக்குக் கொடுத்தது?" என்று தொலைபேசியில் கேட்டால் எந்தக் கடைக்காரருக்கும் நினைவு வராது, ரசீதை முகத்துக்கு நேரே நீட்டினால்தான் வரும்.

கணினி 2014இல் வாங்கியது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இதில் இல்லை. கையில் 2,500 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. மகன் மடிக்கணினி என்கிறான். வீட்டுக்காரர், "இத்தனை வருடம் உழைத்ததே, அதுபோல இன்னொரு பெட்டி வாங்கு" என்கிறார். இருவருக்குமே கணக்கு எழுதத் தெரியாது. பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

கொம்தார் பக்கத்துப் பழுதுக்காரன்:

அக்கா, இருபது ஆண்டுகளாகக் கணினிகளைப் பிரித்து மாட்டுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி. மேசைக்கணினியின் விசைப்பலகையில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) கொட்டினால் முப்பது, நாற்பது வெள்ளியோடு போயிற்று. மடிக்கணினியில் விசைகளுக்கு நேர் கீழே மதர்போர்டு, கணினியின் முக்கியப் பலகை. கொட்டியவுடன் நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, கவிழ்த்து வைத்துக் கொண்டுவாருங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும், "ஓடுகிறதா" என்று ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள்.

மெல்லிய மாதிரிகள் பலவற்றில் ரேம் (வேலை நினைவகம்) அந்தப் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். 8 ஜிபி வாங்கிவிட்டு இரண்டு ஆண்டு கழித்து 16 ஆக்கித் தரச் சொன்னால் என்னால் முடியாது. முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பேட்டரி. லித்தியம்-அயன் பேட்டரிக்குச் சூடு ஆகாது. எந்நேரமும் 100 விழுக்காட்டில் நிற்பதும் ஆகாது. 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி பல மாதிரிகளில் உண்டு, வீட்டில் செருகியே வைப்பதென்றால் அதை இயக்கிவிடுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுப் போகாதீர்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தால் பேட்டரி உப்புகிறது என்று பொருள். ஒருவர் அதன்மேல் கனத்த பேரேட்டை வைத்து இரண்டு நாள் அழுத்திவிட்டுக் கொண்டுவந்தார். கணக்கு எழுதுபவர்தான்.

ஆனால் மாலை இடிமழையில் மின்சாரம் போனால், சேமிக்காததைப் பெட்டி விழுங்கிவிடும். மடிக்கணினி சார்ஜரைக் கழற்றிய பிறகும் ஓடும்.

கழுத்துப்பட்டை, பிரிக்பீல்ட்ஸ்:

நான் மொழிபெயர்ப்பாளர். மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை. திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினால் கைகள் தூக்கி நிற்க வேண்டும். கைக்கு வசதியாக வைத்தால் தலை குனிய வேண்டும். நான்கு ஆண்டுகள் குனிந்தேன், கழுத்துக்குப் பட்டை வந்தது. இப்போது வீட்டில் இரண்டு தடித்த அகராதிகளின் மேல் மடிக்கணினி, கீழே தனி விசைப்பலகை. இதற்குப் பெட்டியே வாங்கியிருக்கலாமே என்று பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.

போன ஆண்டு அம்மா பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்தார். இரவில் வெளிச்சம் அவர் முகத்தில் படாதபடி திரையைச் சரித்துவைத்து, கட்டிலோரத்திலேயே ஒரு கையேட்டை மொழிபெயர்த்து முடித்தேன். அந்த மாத வாடகை அதில்தான் வந்தது. சிரிப்பவர்களுக்கு இதைச் சொல்வதில்லை.

உங்கள் பழைய மானிட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அக்கா. வீட்டில் மடிக்கணினியை அதில் இணைத்துக்கொள்ளலாம்.

நிபோங் திபால் மாணவன்:

ஒற்றைத் தோள் பை வேண்டாம், முதுகுப்பை வாங்குங்கள். மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவன் மேசைப் பெட்டியைப் பறிக்க மாட்டான், மடிக்கணினியைப் பறிப்பான். வட்டைக் குறியாக்கம் செய்துவிடுங்கள், திறவுச்சொல் இல்லாமல் யாராலும் படிக்க முடியாது. கணினியைத் திறக்கும் கடவுச்சொல் மட்டும் போதாது, வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் ஐந்து கடைக் கணக்கும் தெரிந்துவிடும். தினமும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

பட்டர்வொர்த் கணக்கக்கா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று பூக்கடைக் கல்லாவை அளந்தேன். தராசுக்கும் சாமந்திக் கூடைக்கும் நடுவே 40 சென்டிமீட்டர். மின்செருகி ஒன்றே ஒன்று; அதில் மின்விசிறி. அதைக் கழற்றினால் மல்லிகை வாடிவிடுமாம், ஆகவே பேட்டரியை நம்பித்தான் வேலை. போதாததற்குப் பூவுக்கு ஓயாமல் தண்ணீர் தெளிக்கிறார்கள். விசைப்பலகை நனைய தே தாரிக் கூடத் தேவையில்லை, தம்பி!

ஆனாலும் ரசீதைப் பார்த்தவுடன் அங்கேயே கேட்டுப் பதிவதற்காகவே மடிக்கணினிப் பக்கம் சாய்கிறேன். ஒரே இடையூறு, 14 அங்குல மாதிரிகளை எடுத்துப் பார்த்தால் வலப்பக்க எண் விசைகள் இல்லை. முப்பது ஆண்டுகளாக என் வலக்கை பார்க்காமலே தட்டிப் பழகியது அங்கேதான். 15.6 அங்குலத்தில் இருக்கிறது, தூக்கிப் பார்த்தேன், கனக்கிறது. எண் விசைகள் மட்டும் தனியாகக் கிடைக்குமா?

கொம்தார் பக்கத்துப் பழுதுக்காரன்:

கிடைக்கும் அக்கா, யுஎஸ்பியில் செருகுவது. உள்ளங்கை அளவுதான். பிஸ்கட் டின்னோடு வாருங்கள். நூறு ரசீது தட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.