வெளிநாட்டுல காத்துக்கிடந்த கதைகள்

சத்துவாச்சாரியிலிருந்து:
போன மாசம்தான் முதல் முறையா வெளிநாடு போனேன். திரும்பும்போது இணைப்பு விமானம் தள்ளிப்போய் 9 மணி நேரம் ஏர்போர்ட்லயே கிடந்தேன். கவுன்டர்ல இருந்த பொண்ணுகிட்ட நான் கத்தின கத்தல் இப்ப நெனச்சாலும் கூச்சமா இருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகல, சிரிச்ச முகமாவே இருந்தது. எனக்குத்தான் பிபி ஏறிச்சு. நம்ம ஊர்க்காரங்க எப்படிச் சமாளிச்சீங்க, சொல்லுங்க.

ஆம்பூரிலிருந்து:
தம்பி, நான் தோல் ஷாப்ல டெக்னீஷியன். நம்ம பக்கத்து ஆளுங்க நிறைய பேர் போற மாதிரி நானும் எத்தியோப்பியா போய் மூணு வருஷம் இருந்தேன். மோஜோன்னு ஒரு ஊர், அடிஸ் அபாபாவிலிருந்து 70 கிலோமீட்டர் இருக்கும். தெருவுக்குத் தெரு டேனரி, அதான் தோல் பதனிடற இடம். காத்துல வர்ற வாசனையே "ஆம்பூர்லதான்டா இருக்கே"ன்னு சொல்லும்.

போன முதல் ஞாயிற்றுக்கிழமை. அடிஸ் போய்ச் சாமான் வாங்கணும்னு டிரைவர்கிட்ட சொன்னேன். "2 மணிக்கு வரேன்"னார். சட்டை போட்டுக்கினு 2 மணியிலிருந்து வாசல்ல நிக்கறேன். 3 ஆச்சு, 4 ஆச்சு. போன் போட்டு எகிறினேன். அவர் ரொம்பப் பொறுமையா, "நான் 2 மணிக்கே வந்து ஹாரன் அடிச்சேன், ஒரு மணி நேரம் பார்த்துட்டுப் போய்ட்டேன்"ங்கறார். காலையில படுக்கையில இருக்கும்போது எவனோ ஹாரன் அடிச்சிக்கினே இருந்தது காதுல விழுந்தது வாஸ்தவம்தான். பக்கத்து வீட்டுக்குன்னு நெனச்சிட்டேன்.

அங்க பொழுது விடியறதிலிருந்து மணி எண்றாங்க. நம்ம காலை 7 அவங்களுக்கு 1. நம்ம 8 அவங்களுக்கு 2. ஆக, ஆறு மணி நேரம் லேட்டா வந்தது நான். எங்க பாட்டி இருந்திருந்தா ஒரு நிமிஷத்துல புரிஞ்சிருக்கும். அவங்க உதயாதி நாழிகை பார்த்தே வளர்ந்தவங்க: நாளைக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிஷம், ஆரம்பம் சூரிய உதயம். மணி மட்டுமில்ல, அங்க வருஷத்துக்கு 13 மாசம். கடைசி மாசத்துக்கு அஞ்சோ ஆறோ நாள்தான். சம்பளம் எப்படின்னுதான் முதல்ல கேட்டேன்!

இதைவிடப் பெரிய காத்திருப்பு வேலையிலேயே வந்தது. 1993-ல எரித்ரியா பிரிஞ்சதிலிருந்து அந்த நாட்டுக்குச் சொந்தக் கடற்கரை கிடையாது. கெமிக்கல் முக்காலும் ஜிபூட்டி துறைமுகத்துலதான் வந்து இறங்கணும். தோலைப் பதனிடற எங்க க்ரோம் பவுடர் கன்டெய்னர் அங்கயே மாட்டிக்கிச்சு. இங்க தோலெல்லாம் சுண்ணாம்புல. சுண்ணாம்புல கிடக்கற தோலைக் கணக்குக்கு மேல விட்டா இழை இழையாத் தளர்ந்து வீணாப் போயிடும். நான் ஆபீசுக்கும் ட்ரம்முக்குமா ஓடி, கேக்கறவங்க எல்லார்கிட்டயும் கத்தினு இருந்தேன். அங்க ஒரு வயசான மேஸ்திரி இருந்தார். எதுக்கும் "இஷி, இஷி"ம்பார், சரி சரின்னு அர்த்தம். நான் கத்தினு இருந்த நேரத்துல அவர் சுண்ணாம்பைக் கழுவி எடுத்து, உப்பும் ஆசிடும் போட்டு மொத்தத்தையும் பிக்கிள்ல நிறுத்திட்டார். பிக்கிள்ல இருக்கற தோல் மாசக்கணக்கா கெடாது. படிச்சது எனக்குத் தெரியாதா? தெரியும். கோவத்துல ஞாபகம் வரல.

அன்னிக்கு அவர் வீட்டுக்குக் கூட்டினு போனார். தரையில பச்சைப் புல்லு பரப்பி, அவர் சம்சாரம் காபிக்கொட்டையைப் பச்சையா கழுவி, கரி அடுப்புல வறுத்து, புகையோட அந்தச் சட்டியை ஒவ்வொருத்தர் மூக்குகிட்டயும் கொண்டாந்து காட்டினாங்க. அப்புறம் உரல்ல இடிச்சு, மண் கூஜாவுல கொதிக்கவிட்டு, சின்ன சின்னக் கிண்ணத்துல. ஒரு சுத்து இல்ல, மூணு சுத்து. அதே கொட்டையில தண்ணி ஊத்தி ஊத்தி. முதல் சுத்து வர்றதுக்கே ஒரு மணி நேரம் ஆயிருக்கும். பஸ் ஸ்டாண்டுல நின்னபடியே டீ குடிச்சுப் பழகின ஆளு நான். எங்க தாத்தா காலத்துல ஆவாரம்பட்டையில தோல் ஊறவே வாரக்கணக்காகுமாம். க்ரோம் வந்ததும் அது மணிக்கணக்காச்சு, எங்க புத்தியும் அப்படியே ஆயிடுச்சு போல.

கன்டெய்னர் 19 நாள் கழிச்சு வந்தது.

காட்பாடியிலிருந்து:
நான் ரிட்டயர்டு டீச்சர். இத்தாலியில மக வீட்டுக்குப் போயிருந்தப்ப ரயில் ஸ்டிரைக். அங்க ஸ்டிரைக்கைக்கூட முன்கூட்டியே தேதி போட்டுச் சொல்லிடறாங்க. வேலை நாள்னா காலையில 6-லிருந்து 9, சாயங்காலம் 6-லிருந்து 9, அந்த நேரத்துல மட்டும் சில ரயில் கட்டாயம் ஓடும். எங்களுக்குத்தான் இது தெரியல, 10 மணிக்குப் போய் நின்னோம். பொறுமையெல்லாம் எனக்கு வரலைங்க, முட்டிவலிதான் வந்தது. மாப்பிள்ளைக்குன்னு ஆற்காட்டிலிருந்து கொண்டுபோன மக்கன் பேடா டப்பாவை நானும் மகளும் பிளாட்பாரத்துலயே முடிச்சுட்டோம். இன்னைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது.

ராணிப்பேட்டையிலிருந்து:
எல்லாரும் பொறுமை பொறுமைங்கறீங்க. ஐரோப்பிய யூனியன் நாட்டுல ஏறற விமானம் 3 மணி நேரத்துக்கு மேல தாமதமாப் போய்ச் சேர்ந்தா நஷ்ட ஈடு உண்டு. தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ. புயல், பனி மாதிரி காரணம்னா கிடையாது. நடுவுல சாப்பாடு அவங்கதான் தரணும். எனக்கு ஜெர்மனியிலிருந்து வரும்போது 5 மணி நேரம் லேட். கம்பெனி பேர் வேணாம். கத்தல, போர்டிங் பாஸைப் பத்திரமா வச்சிருந்து கேட்டு எழுதினேன். பணம் வர ஏழு மாசம் ஆச்சு. அதுக்கு வேணும்னா பொறுமைன்னு பேர் வச்சுக்கலாம். நம்ம வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரரே கோயிலுக்குள்ள திரும்பி வர 1981 வரைக்கும் காத்திருந்தார், நமக்கென்ன.

ஆம்பூரிலிருந்து:
ராணிப்பேட்டை அண்ணா சொன்னது சரி, கேக்க வேண்டியதைக் கேட்டுடணும்.

அந்த டிரைவர் இன்னும் தொடர்புல இருக்கார். போன பொங்கலுக்கு "1 மணிக்குக் கூப்பிடறேன்"னு மெசேஜ் போட்டார். அந்த ஊரு நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னாடி. அவங்க கணக்குன்னா நமக்குக் காலை 9:30, நம்ம மாதிரி மணி எண்ணி அங்க மதியம் 1-னு சொல்லியிருந்தா இங்க 3:30. ரெண்டுக்கும் போனைக் கையிலயே வச்சிருந்தேன், அடிக்கல. ராத்திரி 9:30-க்கு அடிச்சது. பொழுது சாஞ்சதும் அங்க மறுபடி 1-லிருந்துதான் எண்ணுவாங்க, அதை மறந்துட்டேன்.