புதுப்பிப்பு: டேர்போ விசில் சத்தம், காரணம் புடிபட்டுட்டு

போன கிழமை கேட்டிருந்தன்: என்ட டீசல் கெப், செங்கலடி–பதுளை ரோட்டால ஏத்தம் ஏறக்குள்ள விசில் மாதிரிச் சத்தம், இழுவை குறைவு, கறுப்புப் புகை எண்டு. "டேர்போ முடிஞ்சு, மாத்துங்க" எண்டுதான் கனபேர் சொன்னீங்க (டேர்போ எண்டா எஞ்சினுக்குள்ள காத்தை அமத்தி அனுப்புற சாமான்). நல்லகாலம், மாத்தல்ல.

கல்முனையில ஒரு மெக்கானிக் பாஸ்கிட்டக் காட்டினன். ஏர் ஹோஸைக் கழட்டி, டேர்போட தண்டை விரலால ஆட்டிப் பார்த்தார். பக்கவாட்டுல சாடையா அசையலாம், அது ஒயில் நிக்கிற இடைவெளி. முன்னுக்குப் பின்னுக்கு அசைஞ்சா, இல்லாட்டி இறக்கை உரசின தடம் இருந்தாத்தான் பயம். ரெண்டும் இல்ல.

மறுகா ஹோஸ் பாதைக்குள்ள கம்ப்ரசரால மெதுவாக் காத்து விட்டு, சவுக்காரத் தண்ணி தெளிச்சார். இன்டர்கூலர் (டேர்போவால வாற சூடான காத்தை ஆத்துற சாமான்) கிளிப்புக்குக் கீழ நுரை பொங்கிச்சு! ஹோஸை வளைச்சுப் பார்த்தா நகம் போற அளவு வெடிப்பு. அதுக்குள்ளால போன காத்துதான் விசில் அடிச்சிருக்கு; எஞ்சினுக்குக் காத்துப் பத்தாமதான் இழுவை குறைஞ்சு, புகையும் வந்திருக்கு.

சைரன் மாதிரிச் சத்தமும் நீலப் புகையும் எண்டா வேற கதை, டேர்போவே பழுதா இருக்கலாம், தயவுசெஞ்சு ஓடாதீங்க. நிமிசத்துக்கு 1,00,000 சுத்துக்கு மேல சுத்துற சாமான், உடைஞ்சா துண்டு எஞ்சினுக்குள்ள போயிரும்.

ஹோஸும் கிளிப்பும் புதுசு போட்டாச்சு. நேத்து லுணுகலை ஏத்தத்துல ஏறிப் பார்த்தன். விசிலும் இல்ல, புகையும் இல்ல.