பசி, சிஓஇ, சிறை: ரோல்பிளே சர்வரில் நிஜம் எதுவரைக்கும்?

கோப்பி_ஓ_கோசோங் கேட்டது:

வணக்கம் மக்களே. ஜிடிஏ 5ஐ நம் சொந்த விதியில் ஆட வைக்கும் ஃபைவ்எம்மில் தமிழ் ரோல்பிளே சர்வர் (ஆளுக்கொரு கேரக்டராக வாழ்ந்து ஆடுவது), 48 இடம், அடித்தள நிரல் கியூபிகோர். கதை நடப்பது சிங்கப்பூர் மாதிரி ஓர் ஊரில்: வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்குகள், கோப்பிக்கடை, தேக்கா போல ஒரு சந்தை. வாராவாரம் தவறாமல் வருவது 40 பேர். பாதி இங்கே, மீதி ஜோகூர், சென்னை.

இப்போதைய அமைப்பு இது. பசி, தாகம் இரண்டும் உண்டு, ரொம்பச் சீக்கிரம் இறங்குகிறது என்று புகார். அடிபட்டால் மருத்துவக் குழு வரும்வரை படுத்தே கிடக்கணும். கைதானால் 60 நிமிடம் சிறை. கார் வாங்க சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) கட்டாயம், நிலையான விலை 20,000 வெள்ளி. சம்பளம் 10 நிமிடத்துக்கு 60 வெள்ளி. இடப்பக்கம் ஓட்டணும்.

புதிதாக வருகிறவர்கள் ரெண்டு மூணு ராத்திரி ஆடிவிட்டுக் காணாமல் போகிறார்கள். பசியைத் தூக்கிடலாமா என்றால் பழைய ஆட்கள் "அதுக்கு ஜிடிஏ ஆன்லைனே ஆடிக்கலாமே" என்று சண்டைக்கு வருகிறார்கள். எதைத் தளர்த்தலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது? தத்துவம் வேண்டாம், நம்பர் வேணும் லா.

---

புளோக்417:

பசியைத் தூக்குவதற்கு முன்னால் கான்ஃபிக் கோப்பில் 'அப்டேட்இன்டர்வல்' எத்தனையில் இருக்கிறது என்று பாருங்கள். கியூபிகோரோடு வருவது 5, அதாவது 5 நிமிடம். ஆட்டக்காரரின் விவரத்தைச் சேமிக்கும் இடைவெளி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதே ஓட்டத்தில்தான் பசியும் தாகமும் கழிகின்றன: ஒவ்வொரு தடவையும் பசி 4.2, தாகம் 3.8. நூறிலிருந்து காலியாகப் பசிக்கு 24 தடவை, கிட்டத்தட்ட 2 மணி நேரம். தாகத்துக்கு 2 மணி கால். சர்வர் விழுந்தால் பொருள் தொலைந்துபோகிறதே என்று யாராவது அந்த 5ஐ 1 ஆக்கியிருந்தால் வயிறு 24 நிமிடத்தில் காலி. சேமிப்பை அடிக்கடி செய்யணும் என்றால் 'ஹங்கர்ரேட்', 'தர்ஸ்ட்ரேட்' இரண்டையும் அதே விகிதத்தில் குறைக்கணும்: 1 நிமிடத்துக்கு 0.84, 0.76.

அடுத்தது, சுழியத்தைத் தொட்ட பிறகு நடப்பது. 5 விநாடிக்கு ஒருமுறை 5 முதல் 10 புள்ளி உயிர் போகிறது. ஜிடிஏவில் உயிர் 200 என்று இருந்தாலும் 100ல் ஆள் விழுந்துவிடுவான், ஆக கையிருப்பு நூறுதான். ஒரு நிமிடம் சொச்சத்தில் சாவு. சோறில்லாமல் மனுசன் வாரக்கணக்கில் தாங்குவான்; இங்கே மதியச் சாப்பாடு தள்ளிப்போனவன் நடுரோட்டில் செத்து விழுகிறான். இதை நிஜம் என்று வாதாடுகிற பழைய ஆட்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

நான் வைக்கச் சொல்வது: பசியால் உயிர் 150க்குக் கீழே இறங்கவே கூடாது. பசி 25க்குக் கீழே போனால் ஓட்டத் தெம்பு பாதி. அவ்வளவே தண்டனை. மீதியைப் பரிசாக மாற்றுங்கள். 2021ல் வந்த வால்ஹைம் என்ற ஆட்டத்தில் பட்டினிச் சாவே கிடையாது. சாப்பிடாதவனுக்கு உயிர் 25, மூன்று வகை உணவு சாப்பிட்டால் அது பல மடங்கு ஏறும். அதனால் சமைக்கச் சொல்லி யாரையும் விரட்ட வேண்டியதில்லை, அடுப்பைச் சுற்றி அவர்களே நிற்பார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டின் சோதனைக் கட்டத்தில் நெடுநேரம் ஆடினால் அனுபவப்புள்ளி பாதியாகும் என்று வைத்தார்கள், ஒரே எதிர்ப்பு. பிறகு சாதாரண நிலையை 100 என்றும் ஓய்வெடுத்து வந்தவனுக்கு 200 என்றும் பெயர் மாற்றினார்கள். விகிதம் அதேதான், புகார் அடங்கிவிட்டது.

உங்கள் ஊருக்கு இதை இப்படிக் கொண்டுவரலாம். பையிலிருந்து எடுத்துத் தின்கிற ரொட்டிக்குப் பசி மட்டும் 20 ஏறட்டும், வேறு பலன் வேண்டாம். கோப்பிக்கடையில் கடைக்காரராக இன்னொரு ஆட்டக்காரர் நின்று தே தாரிக் (நுரைக்க ஆற்றிய டீ) ஆற்றும் அசைவை 8 விநாடி ஓட்டிக் கையில் கொடுத்தால், அதுவும் ஒரே மேசையில் 5 மீட்டருக்குள் இன்னொருவர் உட்கார்ந்திருந்தால், அடுத்த 45 நிமிடத்துக்குப் பசி இறங்காது, தெம்பு 20 சதவிகிதம் கூடுதல். அந்த 8 விநாடிதான் முக்கியம். கோப்பை நுரைத்து வருகிற வரை எதிரே நிற்பவன் ஏதாவது பேசியே ஆகணும். 3 விநாடியாகக் குறைத்தால் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவான், 20 ஆக்கினால் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவான்.

---

மீன்தலைக்கறி:

பசியை 417 பார்த்துக்கிட்டார், நான் காசைப் பார்க்கிறேன்.

மணிக்கு 360 வெள்ளி சம்பளம். வேலைக்குப் போற ஆள், தேசிய சேவைப் பையன், வாரத்துக்கு 8 மணி நேரம் ஆடினால் பெரிய விஷயம். 20,000 சேர்க்க 55 மணி நேரத்துக்கு மேல, அதாவது ஏழு வாரம். ஏழு வாரம் பஸ்ஸே ஓடாத ஊரில் நடந்து திரியணும்னா யார் இருப்பா? பழைய ஆள்கிட்ட லட்சக்கணக்கில் கிடக்கும், அவருக்கு அதே 20,000 சில்லறை. நிலையான விலையின் கோளாறே அதுதான், இல்லாதவனை மட்டும்தான் அடிக்கும்.

வேடிக்கை என்னன்னா நிஜ சிஓஇ உங்க சர்வரில் இருக்கிறதைவிட நல்ல ஆட்டம். 1990ல் வந்தது, பத்து வருசத்துக்குச் செல்லும், மாதம் இரண்டு ஏலம். ஜெயிச்சவங்க எல்லாரும் ஒரே விலைதான் கட்டுவாங்க: தோத்தவங்களில் அதிகமாகக் கேட்டவரின் தொகை, அதோட ஒரு வெள்ளி. அதை அப்படியே எடுங்க. ஞாயிறு ராத்திரி 10க்கு ஏலம் முடியணும். வாரத்துக்கு 5 சான்றிதழ், செல்லுபடி 4 வாரம். ஊரில் எப்பவும் 20 காருக்கு மேல இருக்காது, 40 பேரில் பாதிப்பேர் பஸ் இல்லேன்னா அடுத்தவன் வண்டி. பஸ் ஓட்டுற வேலைக்குச் சம்பளத்தை ஒன்றரை மடங்கு ஆக்குங்க. ஊரிலேயே அதிகமாகப் பேச்சு நடக்கிற இடம் பஸ்தான்.

ஆறு பேர் 9,000, 6,500, 5,200, 4,800, 4,100, 3,600 கேட்டாங்கன்னு வைங்க. கடைசி ஆள் தோத்தார், மத்த அஞ்சு பேருக்கும் விலை 3,601. புதுசா வந்து 4,100 கேட்டவனும் ஜெயிச்சான், அவன் கட்டுற 3,601 பத்து மணி நேரச் சம்பளம்தான். ஊரில் காசு பெருகினா விலை தானா ஏறும், நீங்க கை வைக்கவே வேண்டாம்.

மூணு இடத்தில் கவிழும். ஒண்ணு, கேட்கிற ஆள் குறைஞ்சா விலை பாதாளத்துக்குப் போகும். 2008 நவம்பரில் நிஜத்திலேயே சின்னக் கார் பிரிவு 2 வெள்ளிக்கு வந்தது. அதனால் குறைந்தபட்ச விலை 1,000ன்னு வைங்க. ரெண்டு, பணக்காரக் கும்பல் அஞ்சையும் வாங்கி வெளியே விக்கும். ஒரு கேரக்டருக்கு ஒண்ணு, கைமாற்ற முடியாது, கேட்ட தொகையில் பாதியை ஏலத்தப்பவே பிடிச்சு வைங்க. மூணு, நாலு வாரம் முடிஞ்சதும் கார் மறைஞ்சு போனா ஆளும் மறைஞ்சிடுவான். கடைசி மூணு ஏலத்தின் சராசரி விலையைக் கட்டிப் புதுப்பிக்க விடுங்க, ஆனா அந்த வாரப் புது ஒதுக்கீட்டில் ஒண்ணைக் குறைச்சிடணும்.

ஊருக்குள்ள வாரம் நுழையிற பணம்: 40 பேர், 8 மணி, 360 வெள்ளி, மொத்தம் 1,15,200. சாப்பாட்டில் போறது ஆளுக்கு 60 வெள்ளின்னா 2,400, ரெண்டு சதவிகிதம் சொச்சம்தான். பசியைக் கடுமையாக்கினா விலைவாசி சரியாகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அதிலும் கோப்பிக்கடையை ஆட்டக்காரர் நடத்தினா அந்தக் காசு ஊரை விட்டே போகலை, கை மாறுது, அவ்வளவுதான். சிஓஇ ஏலத்தில் ஒண்ணு 5,000ன்னு வந்தா 25,000 வெளியேறும். வீட்டு வாடகை ஆளுக்கு 250ன்னா 10,000. மீதியைப் பெட்ரோல், பழுது, மருத்துவமனைக் கட்டணத்தில் எடுத்து நுழையிறதில் மூணில் ரெண்டு பங்கு வெளியே போற மாதிரி பாருங்க. முழுசையும் உறிஞ்சிட்டா யாரும் சேர்த்து வைக்க முடியாது.

இதைப் படிச்சிட்டு கடலில் மீன் தீர்ந்துபோற மாதிரியும் எழுதலாமேன்னு ஒருத்தர் கிளம்புவார். 1997ல் அல்டிமா ஆன்லைனில் புல் தின்கிற பிராணி, அதைத் தின்கிற பிராணின்னு ஒரு காட்டையே எழுதி வெச்சாங்க. ஆட்டக்காரங்க உள்ளே புகுந்து, அது பெருகுறதுக்குள்ள எல்லாத்தையும் வெட்டித் தள்ளிட்டாங்க. கடைசியில் அந்த அமைப்பையே எடுத்துட்டாங்க.

---

இரவு_ரோந்து:

மேலே இரண்டு பேரும் சொன்ன எண்களில் குறையில்லை. ஆனால் பிரச்சினையை மீட்டரில் மட்டும் தேடுகிறீர்கள். சிங்கப்பூர் என்று பெயர் வைத்துவிட்டு ஊரில் எத்தனை பேர் கையில் துப்பாக்கி இருக்கிறது? இங்கே குற்றம் செய்யும்போது துப்பாக்கியால் சுட்டாலே மரண தண்டனை. அதை அப்படியே வைத்தால் முதல் சண்டையோடு கேரக்டர் முடிந்தது; வைக்காமல் விட்டால் தேக்கா நடுவில் தினமும் சுடுகிறார்கள். இரண்டும் அபத்தம். துப்பாக்கியைக் காவல்துறைக்கு மட்டும் என்று பூட்டிவிட்டு, இந்த ஊருக்கே உரிய குற்றத்தைக் கொடுங்கள். ஆ லோங் (உரிமமில்லாத கந்துவட்டிக்காரர்) கடன் ஒன்றே போதும்: ஒருவர் 500 வெள்ளி கடன் கொடுக்கிறார், தவணை தவறினால் கதவில் சிவப்புப் பெயின்ட், மின்தூக்கிப் பக்கம் சுவரில் புளோக் எண்ணும் வீட்டு எண்ணும் கடனைக் கட்டச் சொல்லும் 'O$P$' என்ற நாலெழுத்தும். ஒரு தோட்டாகூட இல்லாமல் கடன்காரன், பக்கத்து வீட்டுக்காரர், காவலர், அடியாள் என்று நாலு பேருக்கு ஒரு ராத்திரி முழுக்க வேலை. தீர்வை கட்டாத சிகரெட், ஏமாற்றுத் தொலைபேசி அழைப்பு, கள்ளப் பந்தயம் எல்லாம் இதே ரகம்.

60 நிமிடச் சிறை நிஜமும் இல்லை, ஆட்டமும் இல்லை. அவர் விளையாட வந்த இரவே போச்சு, அதற்குள் யூடியூப் பார்க்கப் போய்விடுவார். தீர்ப்பில் எத்தனை மாதம் என்று சொன்னாலும் 1 மாதம் 1 நிமிடம், உச்சம் 20. சர்வரில் இருக்கும் நேரம் மட்டும் கழியட்டும். இல்லாவிட்டால் வெளியேறித் தூங்கிவிட்டு வருவார். சின்னக் குற்றத்துக்குச் சிறையே வேண்டாம். குப்பை போட்டவனுக்குப் பளீர் நிற மேலங்கி மாட்டிச் சந்தைக்கு நடுவில் 5 நிமிடம் பெருக்கவிடுங்கள், இங்கே நிஜமாகவே அப்படித்தான் நடக்கிறது. போகிற வருகிறவன் கிண்டல் பண்ணுவான், அவனும் பதில் சொல்வான். அறைக்குள் பூட்டினால் அவனோடு யார் பேசுவது?

இடப்பக்கம் ஓட்டுவதில் மட்டும் பிடிவாதம் வேண்டாம். ஜிடிஏ 5 வரைபடம் வலப்பக்கத்துக்காகச் செய்தது, கணினி ஓட்டும் வண்டிகள் வலப்பக்கமே வரும். உங்கள் விதியைப் பின்பற்றுகிறவன்தான் நேருக்கு நேர் மோதிச் சாவான். ஒன்று அந்த வண்டிகளை நிறுத்துங்கள், இல்லை விதியை விடுங்கள்.

---

கோப்பி_ஓ_கோசோங்:

417 அண்ணே, இன்டர்வல் 1ல்தான் இருந்தது 🤦 5 ஆக்கியாச்சு. துப்பாக்கியையும் பூட்டுகிறோம். இன்னும் மூன்று கேள்வி. விழுந்து கிடக்கும் நேரத்தை எவ்வளவு வைப்பது? சென்னைக்காரர்கள் வரும்போது இங்கே பாதிப்பேர் தூங்கிவிடுகிறார்கள், என்ன செய்ய? அப்புறம், கணினி ஓட்டும் வண்டிகளின் அடர்த்தியை 0 என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் போட்டோம், கார்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

---

புளோக்417:

விழுந்து கிடப்பதை மருத்துவக் குழு எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்பதோடு கட்டுங்கள். 2 பேர் அல்லது அதற்கு மேல் என்றால் 5 நிமிடம். வந்து தூக்குகிற காட்சி நடக்கும், காத்திருக்கலாம். குறைவாக இருந்தால் 90 விநாடி, பிறகு மருத்துவமனை வாசலில் 150 வெள்ளி பில்லோடு எழட்டும். கிடப்பவர் 3 மீட்டர் தூரத்துக்குக் கேட்கிற மாதிரி முனகிப் பேச முடியணும், நிறைய சர்வரில் குரலையே அடைத்துவிடுகிறார்கள். எழுந்த பிறகு 10 நிமிடம் நொண்டி நடக்கட்டும், தப்பில்லை, பார்க்கிறவன் என்னாச்சு என்று கேட்பான். திரையை மங்கலாக்கித் தலை சுற்றவைக்கிற ஸ்கிரிப்ட் இருந்தால் கழற்றுங்கள். அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும், அடுத்தவருக்குத் தெரியாது.

---

மீன்தலைக்கறி:

நேரம்: சென்னை நமக்கு இரண்டரை மணி பின்னாடி. அங்கே 8 மணின்னா இங்கே பத்தரை. ரெண்டு ஊரும் சேர்ந்து கிடைக்கிறது பத்தரைல இருந்து பன்னிரண்டரை வரைக்கும்தான். பெரிய காட்சியெல்லாம் வெள்ளி, சனி ராத்திரி அந்த ரெண்டு மணி நேரத்தில் வைங்க. ஞாயிறு வேண்டாம், தேசிய சேவைப் பசங்க முகாமுக்குத் திரும்பணும். ஐயோ, நான் ஏலத்தை ஞாயிறுன்னு சொல்லிட்டேன், அதை சனி 11க்கு மாத்திக்குங்க.

---

இரவு_ரோந்து:

கார் வருவதற்குக் காரணம், அடர்த்தியைக் குறைக்கும் அந்த நேட்டிவ்களின் (ஆட்டத்தின் உள்கட்டளைகள்) பெயர் 'திஸ்ஃப்ரேம்' என்று முடியும். ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது திரையில் ஒரு படம் வரைகிற நேரத்துக்கு மட்டும்தான் செல்லும். தொடக்கத்தில் ஒருமுறை கூப்பிட்டுவிட்டிருப்பீர்கள், அடுத்த ஃப்ரேமிலேயே பழையபடி ஆகிவிடும். முடிவில்லாத லூப்புக்குள் போட்டு வெயிட் 0 வையுங்கள். ஓடும் வண்டி, தானாக முளைக்கும் வண்டி, நிறுத்தி வைத்த வண்டி, மூன்றுக்கும் தனித்தனி நேட்டிவ். நிறுத்தி வைத்ததை மட்டும் 0.3ல் விடுங்கள், வண்டியே இல்லாத கார் நிறுத்தம் பார்க்கச் சகிக்காது. கிளையன்ட் பக்கக் கோப்பில் (ஆட்டக்காரர் கணினியில் ஓடுவது) போடணும், சர்வர் பக்கம் போட்டால் எர்ரர்தான் வரும்.