வக்ர காலத்தில், அதாவது கிரகம் பின்னோக்கிப் போவதுபோல் தெரியும் நாட்களில், உங்களுக்கு என்ன நடந்தது?

மூலம் நட்சத்திரம், தனுசு ராசி:
2022 ஏப்ரல் 29 அன்று சனி கும்பத்துக்குப் போனதும் எங்கள் வீட்டில் பாயசம். ஏழரை முடிந்தது என்று அம்மா திருநள்ளாறு போய் எள் தீபமே ஏற்றிவிட்டு வந்தார். ஜூலை 12 அன்று சனி வக்ர கதியில் மகரத்துக்கே திரும்பினார். "குடையை மறந்து வைத்துவிட்டுப் போயிருப்பார்" என்று அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

சிரிப்பு நீடிக்கவில்லை. நாங்கள் பேசி முடித்திருந்த மனையில் பழைய அடமானம் ஒன்று வில்லங்கச் சான்றில் தெரியவந்து, கிரயம் அப்படியே நின்றது. 2023 ஜனவரி 17 அன்று சனி மறுபடி கும்பம். மாசியில் பத்திரம் பதிந்தோம். பாதியில் விட்ட கணக்கை வக்ர சனி திரும்பப் பார்க்க வைப்பார் என்றார் ஜோசியர். அடமானத்தை மறைத்தது விற்றவர், சனி என்ன செய்வார் என்பது அப்பா கட்சி. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

இதெல்லாம் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி. வாக்கியப் பஞ்சாங்கத்தின் கணக்கு வேறு, அதன்படி கும்பப் பெயர்ச்சியே 2023 டிசம்பர் 20தான். அம்மா அதற்கும் தனியாக ஒரு தீபம் போட்டார்!

உத்திரட்டாதி, மீனம்:
என் தங்கை பிறந்தது 1997 ஆகஸ்டில். ஜாதகத்தில் மகரத்தில் குரு நீசம், அதாவது பலம் குறைந்த நிலை; பக்கத்தில் வக்ரம் என்பதற்குச் சின்னதாக ஒரு 'வ'. குரு கெட்டுவிட்டார் என்று ஒரு வரன் வீட்டு ஜோசியர் தட்டிக்கழித்தார். எங்கள் ஜோசியருக்கு வந்ததே கோபம்! நீசத்தில் வக்ரமானால் உச்ச பலன், அதாவது முழு பலம் பெற்ற கிரகத்தின் பலன், 'வ' கண்ணில் படவில்லையா என்றார். உச்சத்தில் வக்ரமானால் நீச பலன் என்பதும் அதே விதிதான், அதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கடைசியில் அமைந்த இடத்தில் ஜாதகமே கேட்கவில்லை.

திருவாதிரை, மிதுனம்:
எங்கள் ஐடி ஆபீஸில் புதன் வக்ரம்தான் பேச்சு. வருஷத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றும் மூன்று வாரம். அந்த வாரங்களில் சர்வர் படுத்தால் பழி புதன்மேல். மற்ற வாரங்களிலும் படுக்கிறது, அது வேறு விஷயம்.

பஞ்சாங்கம் பார்க்கும் என் தாத்தா இதையெல்லாம் காதில் வாங்கமாட்டார். பூமி முந்திப் போகும்போது சனியும் குருவும் பின்னால் போவதுபோல் தெரிகிறார்கள், அவ்வளவுதான் என்பார். அப்போது அவர்கள் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் இருப்பார்கள். அதனால் ஜாதகக் கட்டத்தில் சூரியன் இருக்கும் வீட்டிலிருந்து எண்ணி ஐந்து முதல் ஒன்பதாம் வீட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் வக்ரம். எனக்குச் சூரியனுக்கு ஏழில் சனி, ஜாதக நோட்டில் 'வ' இல்லை. எழுதியவர் விட்டிருக்கிறார். உங்கள் நோட்டையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.