ரேடியேட்டர் ஒழுகுகிறது, எம்-சீல் போட்டு விழுப்புரம் போகலாமா? அவசரம்

பல்லாவரம்_வாசி:
வணக்கம். நேற்று சாயங்காலம் கத்திப்பாரா பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது வண்டி ஹீட் ஆகி, பானெட்டிலிருந்து ஆவி வந்துவிட்டது. முன்பக்கம் பச்சைத் தண்ணீர் ஒழுகுகிறது. ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு குலதெய்வம் கோயிலுக்கு விழுப்புரம் பக்கம் போயே ஆக வேண்டும். ஓட்டை அடைக்கும் எம்-சீல் பசை போட்டு ஓட்டலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

அடையாறு_அன்பு:
என்ன வண்டி, எந்த வருஷம், பெட்ரோலா டீசலா? ஒழுகுவது ஹோஸ் வாயிலா, காற்று புகும் நடு வலையிலா, ஓரத்துத் தொட்டியிலா? ஒரு போட்டோ போடுங்களேன்.

டாக்ஸி_சேகர்:
மூடியைப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியில் ஒரு ஸ்பிரிங் வால்வு இருக்கும். அது அடைத்துக்கொண்டால் பிரஷர் ஏறி எங்கேயாவது பிய்த்துக்கொள்ளும். என் வண்டியில் இதைக் கண்டுபிடிக்காமல் மூன்று மாதம் அலைந்தேன்.

ஸ்பேனர்_சாமி:
தம்பி, மாதத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோடு வருகிறீர்கள். பழைய இழைகளைப் படித்திருந்தால் பாதி விடை கிடைத்திருக்கும். ஆவி வந்த பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள்? அதைச் சொல்லாமல் எம்-சீல் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பால் கலந்த டீ மாதிரி நுரை இருந்தால் ஹெட் கேஸ்கட் (இஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, தண்ணீர் ஆயிலில் கலக்கிறது. அப்புறம் ரேடியேட்டர் செலவு சின்னச் செலவு.

மூர்த்தி_68:
இந்தக் காலத்து ரேடியேட்டரில் பாதி பிளாஸ்டிக். என் அம்பாசடரில் பித்தளைத் தொட்டி. ஓட்டை விழுந்தால் ஈயப்பற்று வைத்து அன்றைக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிடுவேன். இஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றி ஓட்டுங்கள். நம் ஊரில் பனியா உறைகிறது, அந்தப் பச்சைக் கூலன்ட் எதற்கு?

பல்லாவரம்_வாசி:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 2013 மாடல், 1.3 டீசல், 1,12,000 கிமீ. முள் சிவப்பைத் தொட்டதுமே ஓரம் கட்டிவிட்டேன், டோ பண்ணித்தான் கொண்டு வந்தேன். ஆயில் சுத்தமாக இருக்கிறது. மேல் ஹோஸ் நுழையும் கழுத்துக்குக் கீழே, கறுப்புப் பிளாஸ்டிக்கில், தலைமுடி போல ஒரு கோடு. நக நீளம் இருக்கும். சுற்றிலும் பச்சையாகப் பொருக்குக் கட்டியிருக்கிறது.

அடையாறு_அன்பு:
உடனே நிறுத்தினீர்களே, அதுதான் வண்டியைக் காப்பாற்றியிருக்கிறது. பொருக்குக் கட்டியிருக்கிறது என்றால் பல நாளாகவே கசிந்து காய்ந்திருக்கிறது. அந்தத் தொட்டி கண்ணாடி இழை கலந்த நைலான். வருஷக்கணக்கில் சூடாகி ஆறி, மொறுமொறுவென்று ஆகிவிடும். எம்-சீல் அதில் சரியாகப் பிடிக்காது. வீட்டு வாசலில் நிற்கும்போது ஒழுகாது, மதுராந்தகம் தாண்டிப் பிரஷர் ஏறும்போது பிளக்கும். அம்மாவை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் நிற்காதீர்கள்.

வலை நன்றாக இருந்தால், ரேடியேட்டர் ஒர்க்ஸில் ஓரத்து அலுமினிய மடிப்பைப் பிரித்து, புதுத் தொட்டியும் ரப்பரும் போட்டு மடித்துத் தருவார்கள். ஆனால் 10 வயது தாண்டிய வலையை நம்ப வேண்டாம். ஜி.பி. ரோட்டில் புதிதாகவே வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். அதுவும் இதே வயதுப் பிளாஸ்டிக்காகத்தான் இருக்கும்.

மூர்த்தி சார், தெர்மோஸ்டாட்டை மட்டும் கழற்றச் சொல்லாதீர்கள். இஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் டீசல் வீணாகும்.

மூர்த்தி_68:
நாற்பது வருஷம் தண்ணீரில் ஓட்டியவன் நான். கூலன்ட்டை விடத் தண்ணீர்தான் சூட்டை நன்றாக வாங்கும்.

ஸ்பேனர்_சாமி:
சூட்டை வாங்கும், சரி. அலுமினியத்தை யார் காப்பாற்றுவது? வேளச்சேரி போர் தண்ணீரைக் கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த வெள்ளைப் படிவுதான் வலைக்குள்ளும் சேரும். கூலன்ட் பனிக்காக மட்டும் ஊற்றுவதில்லை, துருவைத் தடுக்கவும்தான். பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர்.

டாக்ஸி_சேகர்:
மூடியை அரைத் திருகலில் விட்டால் பிரஷர் ஏறாது, கசிவும் குறையும். நான் அப்படியே வீடு வந்து சேர்ந்திருக்கிறேன்.

அடையாறு_அன்பு:
பக்கத்துத் தெருவுக்கு என்றால் சரி. 0.9 பார் பிரஷர் தாங்கும் மூடி நன்றாக இருந்தால் வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியைத் தளர்த்தினால் 100-லேயே கொதிக்கும்.

பெசன்ட்நகர்_கீதா:
ஒன்று சொல்ல வேண்டும். பழைய கூலன்ட்டைத் தெருவில் கொட்டாதீர்கள், ஒழுகிய இடத்தையும் நன்றாகக் கழுவி விடுங்கள். அது இனிக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும். கொஞ்சம் உள்ளே போனாலே கிட்னி போய்விடும். எங்கள் தெரு நாய் ஒன்றை இப்படித்தான் இழந்தோம்.

பல்லாவரம்_வாசி:
கீதா அக்கா, இப்போதே கழுவிவிடுகிறேன். எனக்குத் தெரியாது.

அடையாறு_அன்பு:
மாற்றும்போது ஹோஸ் கிளிப், மூடி எல்லாம் புதிது போடச் சொல்லுங்கள். முக்கியமாக ஏர் எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே காற்று நின்றால் புது ரேடியேட்டரிலும் ஹீட் ஏறும்.

பல்லாவரம்_வாசி:
புதிது போட்டாயிற்று. பழைய மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. திண்டிவனம் தாண்டி டீக்கு நிறுத்தியிருக்கிறோம், முள் பாதிக்குக் கீழேயே நிற்கிறது. எல்லோருக்கும் நன்றி, அம்மாவும் சொல்லச் சொன்னார்கள்.

டாக்ஸி_சேகர்:
மூடி என்று முதலிலேயே சொன்னேனே!

அடையாறு_அன்பு:
மகிழ்ச்சி. ஏர் எடுத்தார்களா? நாளைக் காலை இஞ்சின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டப்பாவில் அளவு பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.