ஆலோசகர் சங்கம் கூட்டமைப்பில் சேரலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் நாற்பது பேர் சேர்ந்து நடத்தும் சின்ன உளவள ஆலோசகர் சங்கம் எங்களுடையது. பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன் சங்கங்கள் இருக்கும் ஒரு கூட்டமைப்பில் சேர அழைப்பு வந்திருக்கிறது. இந்தத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் 2021 தேசியத் துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். அதனால் சேருவதே சரி என்பது என் எண்ணம். தனியாகக் கேட்டால் யார் காதில் விழும்?

ஆனால் அந்தச் சட்டம் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பைக் கேட்கிறது. எங்களில் பலர் படித்தது ஓராண்டு டிப்ளமோ. போன ஞாயிறு கூட்டத்தில், பதினைந்து வருஷமாக எச்.ஐ.வி. உள்ளவர்களோடு உட்கார்ந்து பேசிவரும் அக்கா ஒருவர், சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்தபடி, "அப்போ நான் யாரு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

இப்படிச் சேர்ந்த சங்கத்தினர் யாராவது இருக்கிறீர்களா? பழைய உறுப்பினர்களை எப்படிக் காப்பாற்றினீர்கள்? சங்க விதிகளைத் திருத்த வேண்டியிருந்ததா? மாதக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும், தயவுசெய்து எழுதுங்கள்.