அப்டேட்டுக்குப் பிறகு 30 கி.மீ. ரேஞ்ச் காணோம். அடுத்த சனிக்கிழமை 620 கி.மீ. பயணம், கிளம்பலாமா?

நெடுவழி:
வணக்கம். மின்சாரக் கார் வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. 41,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 50 யூனிட் பேட்டரி. போன வாரம் பேட்டரி மென்பொருளுக்கு ஒரு அப்டேட் வந்தது. 'பேட்டரி மேலாண்மை மேம்பாடு' என்று ஒரே ஒரு வரி விளக்கம். முதல் தடவை பாதியில் நின்று, 'பேட்டரி மின்னழுத்தம் குறைவு' என்று காட்டியது. அப்போது சார்ஜ் 71% இருந்தது, அதனால் ஏதோ தப்பான செய்தி என்று விட்டுவிட்டேன். மறுநாள் மறுபடி போட்டதில் 50 நிமிடத்தில் முடிந்தது.

பிரச்சினை அதற்கு அப்புறம்தான். நான் எப்போதும் 80% வரைதான் ஏற்றுவேன். முன்பெல்லாம் அதற்கு 304 கி.மீ. ஓடும் என்று காட்டும், இப்போது 274. ஒரே ராத்திரியில் 30 கி.மீ. போய்விட்டது. வீட்டு சார்ஜரும் மெதுவாகிவிட்டது. முன்பு 30-லிருந்து 80 வர நாலு மணி நேரம்கூட ஆகாது. இப்போது இரவு செருகினால் விடிந்த பிறகும் ஏறிக்கொண்டிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை அம்மா, இரண்டு குழந்தைகளுடன் 620 கி.மீ. போக வேண்டும். கடைசி 40 கி.மீ. மலை ஏற்றம், சுமார் 900 மீட்டர். இந்தக் காரில் இதுவே முதல் தூரப் பயணம். பேட்டரி கெட்டுவிட்டதா? பழைய மென்பொருளுக்குத் திரும்ப முடியுமா? பேசாமல் வேறு வண்டி பார்க்கட்டுமா?

ஒன்றரை லட்சம் கி.மீ.:
வேறு வண்டி பார்க்க வேண்டாம். பழைய பதிப்புக்குப் போவது பெரும்பாலான கார்களில் உரிமையாளர் கையில் இல்லை, அதை மறந்துவிடுங்கள்.

திரையில் தெரிவது ரேஞ்ச் அல்ல, ரேஞ்சைப் பற்றிய ஊகம். மிச்சமிருக்கும் மின்சாரத்தை, கடைசியாக நீங்கள் ஓட்டிய விதத்தால் வகுத்துக் காட்டுகிறது. அப்டேட்டில் அந்தச் சூத்திரத்தை மாற்றியிருக்கலாம், பழைய சராசரியை அழித்திருக்கலாம். பேட்டரியில் ஒரு துளியும் குறையாமலே எண் மட்டும் இறங்கும்.

லித்தியம் பேட்டரியில் இரண்டு முக்கிய வகை: உங்களுடையது எல்.எஃப்.பி.யா, என்.எம்.சி.யா? கையேட்டில் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள், மீதியைப் பேசலாம்.

சந்தேகப் பிராணி:
'ஊகம்தான்' என்று சொல்லி எல்லாவற்றையும் மூடிவிட முடியாது. மென்பொருளால் நிஜமாகவே ரேஞ்சைப் பிடித்துவைக்க முடியும். 2017 செப்டம்பரில் இர்மா புயல் வந்தபோது, ஃபுளோரிடாவிலிருந்து வெளியேறியவர்களுக்காக டெஸ்லா சில கார்களின் பேட்டரிப் பூட்டை இணையம் வழியாகவே தற்காலிகமாகத் திறந்துவிட்டது. உள்ளே இருந்த 75 யூனிட்டில் 60 யூனிட்டை மட்டும் கொடுத்து விற்ற கார்கள் அவை. 2019-இல் அதே நிறுவனம் ஒரு அப்டேட்டில் பழைய மாடல் எஸ் கார்களின் உச்ச மின்னழுத்தத்தைக் குறைத்தது. வழக்காகி, 1,743 கார்களுக்காக 15 லட்சம் டாலர் கொடுக்க 2021-இல் ஒப்புக்கொண்டது. ஆக, கேட்பவர் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது.

ஒன்றரை லட்சம் கி.மீ.:
இருக்கிறது. அதனால்தான் அளந்து பார்க்கச் சொல்லப்போகிறேன். அளக்காமல் பயப்படவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம்.

நெடுவழி:
எல்.எஃப்.பி. என்றுதான் போட்டிருக்கிறது. வாரம் ஒரு முறை 100% ஏற்றவும் என்றும் இருக்கிறது! 80%-க்கு மேல் போனால் பேட்டரிக்குக் கேடு என்று எங்கோ படித்து, இரண்டரை வருடத்தில் நான் 100% ஏற்றியது நாலைந்து தடவைதான்.

ஒன்றரை லட்சம் கி.மீ.:
அப்படியானால் பாதி விடை அங்கேதான். நீங்கள் படித்தது என்.எம்.சி. பேட்டரிக்குப் பொருந்துகிற அறிவுரை. அதை நாள்கணக்கில் 100%-இல் நிறுத்தி வைக்கக் கூடாது. எல்.எஃப்.பி. கதை வேறு.

பேட்டரிக்குள் எவ்வளவு மிச்சம் என்று யாரும் எட்டிப் பார்க்க முடியாது. பேட்டரியைக் கவனித்துக்கொள்ளும் கணினியான பி.எம்.எஸ். இரண்டு வழியில் கணிக்கிறது. ஒன்று, உள்ளே போன மின்சாரத்தையும் வெளியே வந்ததையும் எண்ணிக்கொண்டே வருவது. இன்னொன்று, செல்லின் மின்னழுத்தத்தைப் பார்ப்பது. எண்ணுவதில் சிறு பிழைகள் நாளாக ஆகச் சேரும். என்.எம்.சி.யில் சார்ஜ் குறையக் குறைய மின்னழுத்தமும் தெளிவாக இறங்கும், அதைப் பார்த்துப் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். எல்.எஃப்.பி. செல் 80%-இலும் 3.3 வோல்ட்டை ஒட்டி நிற்கும், 30%-இலும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கும். சமவெளியில் நிறுத்திவிட்டு எத்தனையாவது மைல் என்று கேட்பது போல. மேலே முழுதாக நிறையும்போது மின்னழுத்தம் சட்டென்று 3.65 பக்கம் ஏறும். அந்த இடம்தான் பி.எம்.எஸ்.ஸுக்கு உறுதியான மைல்கல். நீங்கள் அங்கே அதை அபூர்வமாகத்தான் விட்டிருக்கிறீர்கள். முன்பு காட்டிய 304 கூட சரியான எண்ணாக இருந்திருக்காது என்பது என் சந்தேகம்.

இன்று இரவு வீட்டிலேயே 100% போடுங்கள். 100 காட்டியதும் பிளக்கைப் பிடுங்காதீர்கள். செல்களைச் சமன் செய்ய இன்னும் நேரம் எடுக்கும், தானாக நிற்கட்டும். அப்புறம் மூன்று நான்கு மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். பிறகு டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, 20% பக்கம் வரும்வரை ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள். எத்தனை யூனிட் செலவானது என்பதை எழுதிக்கொண்டு வாருங்கள்.

கணக்குப்புலி:
வீட்டு சார்ஜிங் மெதுவானதற்கு பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். சார்ஜிங் மெனுவில் ஆம்பியர் எவ்வளவு என்று பாருங்கள். 32 ஆம்பியரில் 7.4 கிலோவாட் கிடைக்கும், 10 ஆம்பியரில் 2.3 கிலோவாட்தான். அப்டேட் முடிந்ததும் சில அமைப்புகள் ஆரம்ப நிலைக்குப் போய்விடுவது உண்டு.

நெடுவழி:
பத்து! சரியாகப் பத்து ஆம்பியர். 32-க்கு மாற்றிவிட்டேன், பழைய வேகம் வந்துவிட்டது. இதற்காக மூன்று நாள் தூக்கம் கெட்டேன்.

பழைய ஸ்பேனர்:
எல்லோரும் ரேஞ்சைப் பேசுகிறீர்கள். கேட்டவர் முதல் பத்தியில் போகிற போக்கில் ஒன்று சொன்னாரே, அதை யாரும் கவனிக்கவில்லையா? முதல் தடவை அப்டேட் ஏன் நின்றது? 'மின்னழுத்தம் குறைவு' என்றது உங்கள் பெரிய பேட்டரியை அல்ல தம்பி. சின்னதை. 12 வோல்ட் பேட்டரியை.

மின்சாரக் காரிலும் 12 வோல்ட் பேட்டரி உண்டு. கதவுப் பூட்டு, திரை, கணினிகள் எல்லாம் அதில்தான் விழிக்கும். பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கிற கான்டாக்டர் என்ற சுவிட்ச் மூடிக்கொள்ள வேண்டுமென்றாலும் 12 வோல்ட் வேண்டும். மூடிய பிறகுதான் பெரியது சின்னதுக்கு சார்ஜ் ஏற்றும். சின்னது செத்தால் பெரியதில் 90% இருந்தும் வண்டி கல் மாதிரி நிற்கும். பேட்டரி மென்பொருளை மாற்றும்போது பல கார்களில் பெரிய பேட்டரியைத் துண்டித்துவிட்டுத்தான் வேலை நடக்கும், அவ்வளவு நேரமும் சின்னது ஒண்டியாகச் சுமக்க வேண்டும். அதனால்தான் பலவீனமான 12 வோல்ட் முதலில் அப்டேட்டில் மாட்டிக்கொள்கிறது.

இரண்டரை வருடம் ஆகிறது என்கிறீர்கள். வண்டியை ராத்திரி முழுக்கத் தொடாமல் வைத்துவிட்டு, காலையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சாதாரண ஈய அமில பேட்டரி என்றால் 12.6-க்கு மேல் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான். வோல்ட் நன்றாக இருந்தாலும் லோடு டெஸ்ட், அதாவது சுமை கொடுத்துப் பார்க்கும் சோதனை, செய்யாமல் நம்பாதீர்கள்.

நெடுவழி:
அண்ணே, இது மண்டையில் ஏறவே இல்லை. நாளைக்கே பார்க்கிறேன்.

நெடுவழி:
இரண்டு நாள் கழித்து வருகிறேன், மூன்று செய்திகள்.

12 வோல்ட் காலையில் 12.1 காட்டியது. லோடு டெஸ்டில் அப்படியே படுத்துவிட்டது. சோதித்தவர், இன்னும் ஒரு மாதம் தாங்கியிருந்தால் அதிசயம் என்றார். புதிது மாற்றியாயிற்று. சில நாளாகக் காலையில் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்த ஒரு மஞ்சள் எச்சரிக்கையும் அதோடு போய்விட்டது. அதைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை எனக்கு.

100% போட்டேன். 100 காட்டிய பிறகும் 40 நிமிடத்துக்கு மேல் ஏதோ ஏறிக்கொண்டிருந்தது. வெளியூர் வேலை ஒன்று இருந்ததால் அதிலேயே ஓட்டிப் பார்த்தேன்: 100-லிருந்து 22% வரை, 251 கி.மீ., 37.9 யூனிட்.

மூன்றாவது, ஃபாஸ்ட் சார்ஜரிலும் ஒரு தடவை சோதித்துவிடலாம் என்று இன்று காலை பக்கத்தில் இருப்பதற்குப் போனேன். 62%-இல் செருகினேன். 31 கிலோவாட்தான் வந்தது. முன்பு 70-க்கு மேல் பார்த்திருக்கிறேன். மறுபடி வயிற்றைக் கலக்குகிறது.

கணக்குப்புலி:
100-லிருந்து 22 என்றால் 78% செலவு. 37.9-ஐ 0.78-ஆல் வகுத்தால் 48.6 யூனிட். புதிதில் 50. 41,000 கி.மீ.க்கு 3% கூடப் போகவில்லை. உங்கள் பேட்டரி நலம். நடுவில் நிறுத்தியிருந்த நேரத்தில் செலவானது டிரிப் மீட்டரில் வராது, அதனால் உண்மை இதைவிட ஒரு இழை கூடுதலாகவே இருக்கும்.

ஒன்றரை லட்சம் கி.மீ.:
31 கிலோவாட்: எவ்வளவு தூரம் ஓட்டிவிட்டுச் செருகினீர்கள்? அதே சார்ஜரின் இன்னொரு செருகியில் வேறு கார் நின்றதா?

நெடுவழி:
4 கி.மீ.தான். ஆமாம், இன்னொரு கார் இருந்தது.

ஒன்றரை லட்சம் கி.மீ.:
பிறகென்ன. குளிர்ந்த பேட்டரி வேகமாக வாங்காது, எல்.எஃப்.பி. இன்னும் மோசம். சார்ஜ் ஏற ஏற வேகம் குறையும், 62% என்பது ஏற்கெனவே பாதிக்கு மேல். பல சார்ஜர்களில் இரண்டு கார் செருகினால் இருக்கிற திறனைப் பங்கு போட்டுக் கொடுக்கும். மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்கின்றன. அரை மணி நேரமாவது வேகமாக ஓட்டிவிட்டு, 20%-க்குக் கீழே, காலியாக இருக்கும் சார்ஜரில் போடுங்கள். சார்ஜரைக் காரின் சொந்த வரைபடத்திலேயே சேருமிடமாகக் குறியுங்கள், கைபேசி வரைபடத்தில் அல்ல. பேட்டரியை முன்கூட்டியே சூடாக்கும் வசதி இருக்கிற கார்கள் அதைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்கும்.

சும்மா 'பரவாயில்லை' என்று விட்டுவிடாமல் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். காரும் ஃபாஸ்ட் சார்ஜரும் பேசிக்கொண்ட பிறகுதான் மின்சாரம் வரும். அப்டேட்டுக்குப் பிறகு அந்தப் பேச்சில் ஏதாவது சிக்கல் என்றால் வீட்டுப் பக்கத்தில் தெரியட்டும், 230-ஆவது கிலோமீட்டரில் வேண்டாம்.

நெடுவழி:
18%-இல் செருகினேன், 74 கிலோவாட் வந்தது!! எல்லோருக்கும் நன்றி. இனி வழித் திட்டம் மட்டும்தான்.

கணக்குப்புலி:
உங்கள் 251 கி.மீ. ஓட்டத்தில் 100 கி.மீ.க்கு 15.1 யூனிட். நாலு பேர், பெட்டிகள், நெடுஞ்சாலை வேகம் என்று 16.5 வைத்துக்கொள்வோம். 100-லிருந்து 15% வரை 250 கி.மீ. போகலாம். அப்புறம் ஒவ்வொரு தடவையும் 80 வரை ஏற்றி 15-க்கு இறக்கினால் 191 கி.மீ. ஆக இரண்டு நிறுத்தத்தில் 632. காகிதத்தில் சரியாகத்தான் வருகிறது. ஆனால் மலையைச் சேர்க்கவில்லை. 1,800 கிலோ எடையை 900 மீட்டர் தூக்க 4.4 யூனிட், மோட்டார் இழப்போடு கிட்டத்தட்ட 5. உங்கள் பேட்டரியில் அது 10%. 15%-இல் சேர வேண்டியவர் 5%-இல் சேர்வீர்கள். மலை அடிவாரத்துக்கு முன்னால் மூன்றாவதாகப் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டுக்கொள்ளுங்கள்.

வேகத்தைப் பார்த்து ஓட்டுங்கள். 90-இல் போவதற்குப் பதில் 110-இல் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றை எதிர்க்க ஒன்றரை மடங்கு செலவு. கூரையில் பெட்டி கட்டினால் என் 16.5-ஐ மறந்துவிடுங்கள்.

ஒன்றரை லட்சம் கி.மீ.:
நிறுத்தம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று சார்ஜரும் குறித்து வையுங்கள். முந்தைய நிறுத்தத்திலிருந்து கிளம்பும்போதே அந்த மாற்று சார்ஜர் வரைக்கும் போகிற அளவு இருக்க வேண்டும். சார்ஜர் செயலிகளில் கணக்கு, பணம் எல்லாம் வீட்டிலேயே போட்டுவிடுங்கள். டயர் காற்றைக் கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

நெடுவழி:
வெள்ளி இரவு. பெட்டி கட்டியாயிற்று. இப்போது பார்த்து இன்னொரு அப்டேட் வந்திருக்கிறது! 'சிறு திருத்தங்கள்' என்கிறது. போடவா?

பழைய ஸ்பேனர்:
கையை எடுங்கள் அதிலிருந்து. பாதுகாப்புக்காகத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு என்றால் வேறு பேச்சு, இது அது இல்லை. தானியங்கி அப்டேட்டையும் அணைத்துவிட்டுப் படுங்கள். நடுவில் நின்றால் விடியற்காலையில் யாரைக் கூப்பிடுவீர்கள்?

நெடுவழி:
வந்து சேர்ந்தோம். மூன்று நிறுத்தம், கடைசியில் 19% மிச்சம். இரண்டாவது இடத்தில் சார்ஜர் வேலை செய்யவில்லை, குறித்து வைத்திருந்த மாற்று 14 கி.மீ. தள்ளி இருந்தது. சராசரி 16.9 வந்தது, 110 தாண்டியது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். தங்குமிடத்தில் சாதாரண பிளக் இருக்கிறது. நாளை மறுநாள் திரும்பும்போது 100% ஏற்றிக்கொண்டே கிளம்பலாம் அல்லவா?

பழைய ஸ்பேனர்:
90-இல் நிறுத்திக்கொள்ளுங்கள். இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைத் திருப்பித் தருவதுதான் ரீஜென், நிறைந்த பேட்டரி அதை வாங்காது. இறக்கத்தின் தொடக்கத்தில் பிரேக் பெடலையே நம்பிப் போக வேண்டியிருக்கும், இறங்கும்போது திரும்பி வர வேண்டிய மின்சாரமும் வீண்.